வாங்கலாமா, வேண்டாமா? வீடு, மனை: கேள்வி – பதில்

வங்கிகளின் வீட்டுக்கடனுக்காகக் கட்டட மதிப்பீடு செய்து ஓய்வுபெற்ற பொறியாளர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். இப்போது நங்கநல்லூரில் வாடகை வீடு. செம்பாக்கத்தில் ஒரு தனிவீடு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மனை 1,800 சதுர அடி. கீழும் மேலுமாகக் கட்டடம் 1,500 சதுர அடி, 28 வருடப் பழசு. வீட்டுக்காரர் 2019-இல் தவறிவிட்டார். அவர் மனைவி, மகன், அமெரிக்காவில் இருக்கும் மகள் மூவரும் சேர்ந்து விற்கிறார்கள். விலை 1 கோடியே 30 லட்சம். 'மிக்ஜாம் புயலில்கூட வீட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை' என்கிறார் மகன். புரோக்கர் இந்த வாரமே அட்வான்ஸ் கேட்கிறார். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: இந்த வாரம் அட்வான்ஸ் வேண்டாம். 'இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறது' என்று புரோக்கர் சொல்வார். சொல்லட்டும். பழைய தனிவீட்டுக்கு 1 கோடியே 30 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் யாரும் நிற்பதில்லை.

ஒரு வீட்டை மதிப்பிடப் போனால் குறைகளை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். பணம் போட்டால் சரியாகிற குறை ஒரு பக்கம். எவ்வளவு கொட்டினாலும் சரியாகாதது மறுபக்கம். முதல் வகையை விலையில் கழித்துக்கொள்ளலாம், அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது வகையில் ஒன்று இருந்தாலும், விலையை எவ்வளவு குறைத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாத்ரூம் டைல்ஸ் பழசாக இருக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். தெருத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கவே மாட்டார்கள்.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். 2022-இல் ராம்சார் தளம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்) என்று அறிவித்தார்களே, அதே பள்ளிக்கரணைதான். உங்கள் வீடு இந்தச் சங்கிலியின் நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பதால் மட்டும் கெட்ட இடம் ஆகிவிடாது. ஏரிக்கரைக்கு மேட்டுப்பக்கமா, பள்ளத்துப் பக்கமா, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் இடம்) தண்ணீர் போகிற வழியிலா என்பதுதான் கேள்வி. கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் பார்க்கிற வசதி இருக்கிறது. உங்கள் தெருவைப் பிடித்து 2000-களின் தொடக்கத்துக்குப் போங்கள். சுற்றிலும் கட்டடம் குறைவாக இருந்த காலம். வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது, எங்கே பச்சை அடர்ந்திருந்தது என்பது கண்ணாடி போலத் தெரியும். இன்றைய படத்தில் அந்த வாய்க்கால் ஒரு வீட்டின் காம்பவுண்டுச் சுவரில் போய் முடிந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் அந்த வழியைத் தேடித்தான் வரும்.

அப்புறம் அந்த மகன் சொன்ன வாக்கியம். 'வீட்டுக்குள் வரவில்லை' என்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தெருவில் எவ்வளவு நின்றது, எத்தனை நாள் நின்றது, கரண்ட் எப்போது வந்தது, கீழ்வீட்டு டாய்லெட்டைப் பயன்படுத்த முடிந்ததா என்று அவர் சொல்லவில்லை. இதை அவரிடம் கேட்பதும் பயனில்லை. இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், தண்ணீர் கேன் போடுகிற பையனிடம் கேளுங்கள். 'மழை நாளில் எந்தத் தெருவுக்குள் வண்டி வராது?' என்று பொதுவாகக் கேட்டால் போதும். விற்கிற வீட்டைக் காட்டிக் கேட்டால் எச்சரிக்கையாகிவிடுவார்கள். அந்த வீட்டுக்காரர் அவர்களுடைய வாடிக்கையாளராயிற்றே.

வீட்டுக்காரர்களே விட்டுவைத்த தடயங்களும் இருக்கும். கேட்டின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். தெருவில் தார் ஏற ஏற, கேட் இடிக்கிறதென்று அடியில் அறுத்திருப்பார்கள். அறுத்த இடத்தில் பெயின்ட் புதிதாக இருக்கும். மின் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்: பழைய வயர் போன பள்ளம் இடுப்பு உயரத்தில் பூசியிருக்க, பெட்டி மட்டும் தலைக்கு மேலே ஏறியிருந்தால், 2015 வெள்ளத்துக்கோ 2023 மிக்ஜாம் புயலுக்கோ பிறகு யாரோ பயந்து மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, ஃபிரிட்ஜ் எவ்வளவு உயர ஸ்டாண்டில் நிற்கிறது, கீழ்வீட்டு அலமாரியின் அடித்தட்டு காலியாக இருக்கிறதா, எல்லாவற்றையும் கவனியுங்கள். சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி தரையோடு தரையாக இருந்தால், தெருத் தண்ணீர் உள்ளே வருகிற அன்று நீங்கள் குடிப்பதும் அதுதான்.

கண்ணால் பார்த்தது போதாது, அளந்துவிடுங்கள். கொத்தனார்கள் ட்யூப் லெவல் என்று வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். வாசலிலிருந்து தெரு நடுவரைக்கும் எட்டுகிற நீளம் வாங்குங்கள். உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்புங்கள். குமிழி ஒன்று நின்றாலும் அளவு பொய் சொல்லும், அதனால் குழாயைத் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒருவர் ஒரு முனையை நிலைப்படியை ஒட்டிப் பிடிக்கட்டும், இன்னொருவர் மறுமுனையைத் தெரு நடுவில் பிடிக்கட்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து கீழே நிலைப்படிவரை ஒரு அளவு, தார்வரை ஒரு அளவு. நிலைப்படிப் பக்கம் இரண்டரை அடி, தார்ப் பக்கம் மூன்றேகால் அடி என்றால் வீடு தெருவைவிட முக்கால் அடிதான் உயரம். அது போதாது. என் கணக்கில் ஒன்றரை அடியாவது வேண்டும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தாலும், ஒவ்வொரு உள்தெருவிலும் அப்படி நடக்கும் என்று நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

முக்கால் அடிதான் என்றால் என்ன செய்வது? ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். சென்னையில் இப்போது இது சர்வ சாதாரணம். ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்து செய்கிறார்கள். ஆக, உயரக் குறைவு என்பது பணம் போட்டால் சரியாகிற குறைதான். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்த்து, இந்தக் கட்டடம் தாங்கும் என்று சொன்னால். அதே குழாயை எடுத்துக்கொண்டு தெருமுனைச் சிறுபாலம் (மழைத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் வெளியேறும் கல்வெர்ட்) வரைக்கும் பகுதி பகுதியாக அளந்து பாருங்கள். உங்கள் வாசல் தெருவைவிடச் சிறுபாலம் தாழ்வாக இருந்தால் தண்ணீர் வடிந்துவிடும். மேடாக இருந்தால் உங்கள் தெருதான் குளம். அது சரியாகாத வகை. வீட்டைத் தூக்கலாம், தெருவைத் தூக்க முடியாது. உங்கள் மாமியாருக்கு நடுராத்திரி நெஞ்சுவலி வந்தால் ஆட்டோ வாசலுக்கு வர வேண்டுமே.

அடுத்து கையெழுத்து. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான். மூவர் விற்கிறார்கள் என்கிறீர்கள். அந்த வீட்டுக்காரர் இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா? இதைக் கேட்டால் பலர் முழிக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவரைப் பெற்ற அம்மாவும் முதல் நிலை வாரிசு. இங்கே அந்தப் பாட்டி 2019-இல் இருந்திருந்தால் நாலில் ஒரு பங்கு அவருடையது. அதற்குப் பிறகு அவரும் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரிந்து போகும். அதாவது, நீங்கள் பார்த்தேயிராத ஒரு அத்தையும் சித்தப்பாவும் உங்கள் வீட்டில் பங்குதாரர்கள். தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் அம்மா பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யாமல் மேலே போகக் கூடாது. 'பாட்டிதான், ஒன்றும் சொல்ல மாட்டார்' என்பார்கள். சொல்லாதவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டுமே.

அமெரிக்க மகள் நேரில் வராவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிட்ட அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். வாட்ஸ்அப் வீடியோவில் சம்மதம் சொன்னார் என்பதெல்லாம் பதிவாளரிடம் செல்லாது. இன்னொன்று: 50 லட்சத்துக்குக் குறையாத சொத்து என்றால், வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இது இந்தியாவில் வசிக்கிறவர் பங்குக்கு மட்டும். வெளிநாட்டில் வசிக்கிற மகளின் பங்குக்கு விகிதம் வேறு, அதிகம். பிடிக்காமல் விட்டால் துறை உங்களைத்தான் கேட்கும். ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். இந்த வேலைக்கு அவர் வாங்கும் ஃபீஸ், நீங்கள் பின்னால் கட்டக்கூடிய அபராதத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குக் குறையாமல் போட்டுப் பாருங்கள். பத்திரத்தை வைத்து வாங்கிய வங்கிக்கடன் பதிவாகியிருந்தால் அதில் தெரியும்; கடனை அடைத்த ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும். மூலப்பத்திரம் அசலா, நகலா என்று கேளுங்கள். அசல் தொலைந்துவிட்டது என்றால் எங்கேயோ அடமானத்தில் இருக்கலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, புல வரைபடத்தில் உள்ள அளவும் நிலத்தில் உள்ள அளவும் ஒன்றா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். 1,800 என்று பத்திரத்தில் இருந்து, காம்பவுண்டுக்குள் 1,740-தான் இருந்தால் அந்த 60 சதுர அடிக்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? மாடி பின்னால் கட்டியதாக இருந்தால் அதற்கும் தனியே பிளான் அனுமதி இருக்க வேண்டும். அனுமதி இல்லாத மாடிக்கு வங்கி மதிப்புப் போடாது. நான் போட்டதில்லை.

கட்டடம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது பெரும்பாலும் பணம் போட்டால் சரியாகிற வகைதான். சன்ஷேடின் அடியையும் பாத்ரூமுக்குக் கீழே வரும் சீலிங்கையும் ஒரு மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். கெட்டியாகக் கேட்க வேண்டும். பொக்கென்று கேட்டால் பூச்சு கழன்றிருக்கிறது. பூச்சு உதிர்ந்து கம்பி துருவேறித் தெரிந்தால், துரு கம்பியின் மேலோடு நின்றுவிட்டதா, கம்பியையே தின்றுவிட்டதா என்று இன்ஜினீயர் சுரண்டிப் பார்ப்பார். சன்ஷேடு மட்டும் என்றால் சரிசெய்துகொள்ளலாம். தளமும் உத்தரமும் என்றால் கட்டடத்துக்கு மதிப்பே இல்லை, மனை விலைக்கு மட்டும் பேசுங்கள். கதவு நிலைகளில் கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கரையான் அரித்திருந்தால் உள்ளே போகும்.

விலைக்கு வருவோம். நான் எப்படிக் கணக்குப் போடுவேன் என்று காட்டுகிறேன். இதே அளவில் இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,400 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 1,500 சதுர அடிக்கு 36 லட்சம். கான்கிரீட் கட்டடத்தின் ஆயுள் 60 வருடம், கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று கொண்டால், 28 வருடத்தில் தேய்மானம் 42 சதவீதம். மிச்சம் ஏறக்குறைய 21 லட்சம். அப்படியென்றால் 1 கோடியே 30 லட்சத்தில் 1 கோடியே 9 லட்சத்தை நீங்கள் மண்ணுக்குத்தான் கொடுக்கிறீர்கள், அதாவது சதுர அடி ஏறக்குறைய 6,050 ரூபாய். அந்தத் தெருவிலோ பக்கத்திலோ அண்மையில் நடந்த விற்பனைகள் என்ன விலைக்குப் போயின என்று பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பக்கத்து மனைகளின் சர்வே எண்ணைக் கொடுத்தால் வரும். பத்திரத்தில் குறைத்துக் காட்டியிருப்பார்கள்தான், ஆனாலும் ஒரு திசை தெரியும். சதுர அடி 5,800-க்கு மேல் அங்கே போகவில்லை என்றால் உங்கள் வீட்டின் மதிப்பு 1 கோடியே 25 லட்சம். அதில் இருந்து பழுதுச் செலவைக் கழித்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.

கையில் எவ்வளவு வேண்டும் என்பதையும் பாருங்கள். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கடனில் மதிப்பில் 75 சதவீதம்வரைதான் வங்கி கொடுக்கலாம். வங்கி மதிப்பு 1 கோடியே 25 லட்சம் என்றால் கடன் 93 லட்சத்து 75 ஆயிரம். பேசிய விலை 1 கோடியே 30 லட்சமே என்றால் மிச்சம் 36 லட்சத்து 25 ஆயிரம் உங்கள் கையிலிருந்து. முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 11 லட்சத்து 70 ஆயிரம். இதற்குக் கடனில் இடமில்லை. கிட்டத்தட்ட 48 லட்சம் ரொக்கமாக இல்லாமல் இந்த வீட்டை நெருங்க வேண்டாம். பெயின்ட், வயரிங், அலமாரி எல்லாம் அதற்கு மேலே. 'பாதியைப் பிளாக்கில் கொடுங்கள், பத்திரச் செலவு மிச்சம்' என்று ஒரு யோசனை வரும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவது வருமான வரிச் சட்டப்படியே தவறு. நாளை நீங்கள் விற்கும்போது அந்தக் காட்டாத பணம் உங்கள் லாபமாகக் கணக்காகும்.

கடைசியாக, தெரு. இதற்கு அளவுகோல் கிடையாது, நடந்துதான் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை போங்கள்: பள்ளி வேன் தெருவுக்குள் வருகிறதா, முனையிலேயே நின்றுவிடுகிறதா? மாலை ஏழு மணிக்கு மேல் நீங்கள் தனியாக, கணவர் இல்லாமல், ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி வீடுவரை நடங்கள். எந்த இடத்தில் நடையைத் துரிதப்படுத்துகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆண்கள் வாங்கும் வீட்டில் இந்தச் சோதனை நடப்பதே இல்லை. உங்கள் மாமியாரை அழைத்துப் போய் மெடிக்கல் ஷாப்வரை நடக்கச் சொல்லுங்கள். நாய்த் தொல்லை எவ்வளவு என்று அவர் உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார். முகூர்த்த நாளில் ஒரு தடவை போனால் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் ஸ்பீக்கர் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று தெரியும். ஒட்டிய மனை காலியாக இருந்தால், அதில் ஸ்டில்ட் (கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) போட்டு மூன்று மாடி எழும்பியதாக மனதில் நினைத்துக்கொண்டு படுக்கையறை ஜன்னலைப் பாருங்கள்.

தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு வந்துவிட்டதா, செப்டிக் டேங்கா என்று கேளுங்கள். போர் தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து மறுநாள்வரை வைக்கச் சொல்லுங்கள். செம்மஞ்சளாக அடியில் படிந்தால் இரும்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை குடிக்க நல்லது. வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரைக்கும் ஏற்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆனால் 2,000-த்தில் சாம்பார்ப் பருப்பு வேகாது, தலைமுடியும் அடங்காது.

இவ்வளவும் பார்த்து, சிறுபாலம் தாழ்வாக இருந்து, பாட்டி விஷயமும் தீர்ந்துவிட்டால், தாராளமாகப் பேசுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள், வெறும் முத்திரைத்தாளில் முடிக்க வேண்டாம்.

கேள்வி: மதுரை ஒத்தக்கடைப் பக்கம் கண்மாயை ஒட்டி மனை விற்கிறார்கள். சென்ட் விலை பக்கத்து மனைகளைவிட நன்றாகக் குறைவு. பட்டா இருக்கிறது, 'அப்ரூவ்டு' என்றும் சொல்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: விலை குறைவு என்றாலே அந்த மனையைப் பற்றி மற்றவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. கண்மாயின் எந்தப் பக்கம்? கரைக்கு வெளியே, மடைக்குக் கீழே என்றால் பழைய நஞ்சையாக இருக்கும். அஸ்திவாரத்துக்குச் செலவாகும், கட்டலாம். உள்வாய்ப் பக்கம் (தண்ணீர் தேங்கும் உட்புறம்) என்றால், கண்மாய் நிறைந்த வருடம் தண்ணீர் உங்கள் வாசலில் நிற்கும். உள்வாயில் பட்டா நிலம் இருப்பது உண்டு, அதனால் பட்டாவைக் காட்டி அமைதியாகிவிடாதீர்கள். கலுங்கு (உபரிநீர் வெளியேறும் இடம்) எந்த உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்துக்கு உங்கள் மனை மேலா கீழா என்று ட்யூப் லெவலோ, முடிந்தால் சர்வேயர் கருவியோ வைத்துப் பார்த்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) அந்தச் சர்வே எண்ணின் வகைப்பாடு என்ன என்று கேளுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்று ஒரு உட்பிரிவுக்கு இருந்தாலும் விலகிவிடுங்கள். 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பு அகற்றலுக்காகவே வந்தது.

'அப்ரூவ்டு' என்பதற்கு ஒரே சாட்சி, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் போட்ட லேஅவுட் வரைபடம். அதில் உங்கள் மனை எண் இருக்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை போட்ட காகிதத்தை அப்ரூவல் என்று சொல்வது இன்னும் நிற்கவில்லை. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அனுமதியற்ற மனைகளை வரன்முறை செய்ய 2017-இல் திட்டம் வந்தது. அந்த வகை என்றால் வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: பார்த்த வீட்டில் ஈசானிய மூலையில் கழிவறை. மாமனார் வேண்டாம் என்கிறார். உங்கள் கருத்து?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: என் கருத்தை விடுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வருகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் மாமனார் மாதிரியேதான் பேசுவார்கள். ஆகவே அது விலையைக் குறைக்கிற விஷயம். கழிவறையை வேறு மூலைக்கு மாற்ற என்ன ஆகும் என்று பிளம்பரையும் கொத்தனாரையும் அழைத்து மதிப்பு வாங்குங்கள், செப்டிக் டேங்குக்குச் சரிவு கிடைக்குமா என்று சேர்த்துக் கேளுங்கள். அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள். மாமனாருக்கும் மனம் ஆறும்.

கேள்வி: பிடித்த பகுதியில் வாங்குவதற்கு முன் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது புத்திசாலித்தனமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சிரிக்கட்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அங்கே கழித்தால் எந்தப் பத்திரமும் சொல்லாதது தெரியும்: சித்திரையில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, பின் தெருப் பட்டறை ராத்திரி எத்தனை மணிவரை ஓடுகிறது. கூடவே, வாடகைக்கு இருப்பவருக்குத்தான் விற்பனைக்கு வரப்போகும் வீடுகளின் செய்தி புரோக்கருக்கு முன்னால் வந்து சேரும். பிள்ளைகளின் பள்ளி இரண்டு முறை மாறாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பல்லாவரத்தில் 18 வருடப் பழைய அடுக்ககத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வருகிறது. தனிவீட்டுக்குப் பட்ஜெட் இல்லை. எதைக் கவனிக்க?
– ஒரு வாசகர், பம்மல்

பதில்: பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் பாருங்கள், புரோக்கர் சொல்லும் எண்ணை அல்ல. எல்லா ஃபிளாட்டுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த மனை அளவுக்குச் சரியாக வர வேண்டும். வராவிட்டால் கட்டியவர் தன் பெயரில் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கிறார், ஒருவேளை மொட்டைமாடியில் இன்னொரு தளம் எழுப்ப. பழைய அடுக்ககத்தில் உங்கள் உண்மையான சொத்து அந்த நிலப் பங்குதான். 2022 அடுக்கக உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம், அப்போது அந்த எண்ணை வைத்துத்தான் பேரம் நடக்கும். கார் நிறுத்துமிடம் உங்களுக்கு எந்தக் காகிதத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அல்லது 'எப்போதும் அங்கேதான் நிறுத்துவார்' என்ற வாய்ப்பேச்சா என்று தெரிந்துகொள்ளுங்கள். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள்: யார் யார் பராமரிப்புத் தொகை பாக்கி, மொட்டைமாடி நீர்க்கசிவுக்குக் கடைசியாக எப்போது செலவு செய்தார்கள். காட்ட மறுத்தால் அதே கட்டடத்தில் வேறு ஃபிளாட்டும் பார்க்க வேண்டாம்.